இடைச்செருகலா, இரண்டாம் பாகமா?

போன லீவுக்கு கரியாலூர் போயிருந்தப்ப எங்க அக்கா மகனுக்கும் எனக்கும் ஒரு பஞ்சாயத்து. பையன் கள்ளக்குறிச்சியில காலேஜ் படிக்கிறான். திண்ணையில லேப்டாப்பைத் தொறந்து வச்சிக்கிட்டு ஏதோ சண்டை போட்டுக்கிட்டிருந்தான். எட்டிப் பார்த்தா, அட, நம்ம 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம்! 1999ல வந்த கேம். பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிட்டு, மெயில் பார்க்காம நாங்க ஆடித் தீர்த்தது.

"ஏன்டா மாப்ளே, இன்னுமா இதை ஆடுறீங்க?"

"மாமா, இது நீங்க ஆடினது இல்ல. இதுல இப்ப ராஜேந்திர சோழன் இருக்காரு. கேளுங்க" அப்படின்னு சத்தத்தைக் கூட்டினான். ஸ்பீக்கர்ல ஒரு சிப்பாய் தமிழ்ல பேசுறான். எனக்கு ஒரு நிமிஷம் புல்லரிச்சிருச்சு, மறைக்காம சொல்லிடுறேன்.

அப்புறம்தான் பஞ்சாயத்து. ராஜேந்திரனை ஆடிக்கிட்டே அவன் சொல்றான், "இந்த டிஎல்சி எல்லாம் காசு புடுங்குற வேலை மாமா. இருக்கிற கேமுக்கே துண்டு துண்டா ஒட்டுப் போட்டு விக்கிறானுங்க. ஒழுங்கா ஒரு புது பாகம் எடுத்தா என்ன?" நான் எதிர்க்கட்சி. ரெண்டு நாள் விட்டு விட்டு சண்டை நடந்துச்சு. அதுல சொல்ல விட்டதையெல்லாம் சேர்த்து எழுதிடலாம்னு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

கேம் பக்கம் போகாதவங்களுக்கு ஒரு வரி விளக்கம். ஒரு கேம் நல்லா ஓடிருச்சுன்னா அதைச் செஞ்ச ஸ்டூடியோவுக்கு முன்னாடி ரெண்டு வழி. ஒண்ணு, அடுத்த பாகம், அதாவது சீக்வல். எல்லாத்தையும் புதுசா செஞ்சு புது விலைக்கு விக்கிறது. இன்னொண்ணு, பழைய கேமுக்குள்ளேயே புது ஊர், புது ஆளு, புதுக் கதைன்னு சேர்த்து, அந்தச் சேர்மானத்தை மட்டும் தனியா டவுன்லோடு பண்ண விக்கிறது. அதுதான் டிஎல்சி. தமிழ்ல இதுக்கு நல்ல வார்த்தை ஒண்ணு ஏற்கனவே இருக்கு: இடைச்செருகல். (புலவர்கள் இதைத் திட்டுறதுக்குப் பயன்படுத்துவாங்க. நான் அப்படிச் சொல்லலை.)

இடைச்செருகல் கேம் உலகத்துக்குப் புதுசு கிடையாது. டவுன்லோடுங்கிறது மட்டும்தான் புதுசு. முதல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' 1997ல வந்துச்சு, அடுத்த வருஷமே ரோமானியர்களைச் சேர்த்து 'ரைஸ் ஆஃப் ரோம்'னு ஒரு தனி சிடி. 1999ல இரண்டாம் பாகம், 2000ல அதுக்கு 'தி கான்கரர்ஸ்'. அப்ப இதுக்கு எக்ஸ்பான்ஷன் பேக்னு பேரு. ஒரு முழு சிடியா வாங்கினதால யாருக்கும் ஏமாந்த மாதிரி தெரியலை.

பேரு கெட்டது 2006 ஏப்ரல்ல. பெதஸ்டாங்கிற கம்பெனி 'ஆப்லிவியன்' கேம்ல குதிரைக்குப் போடுற ஒரு கவசத்தை மட்டும் தனியா இரண்டரை டாலருக்கு வித்தாங்க. கதை இல்ல, ஊர் இல்ல, வெறும் குதிரைச் சட்டை! உலகமே சிரிச்சுது. சிரிச்சவங்கள்ல நெறைய பேர் வாங்கவும் செஞ்சாங்க, அதான் பிரச்சினை. அதுக்கப்புறம் தொப்பிக்கும் வாளுக்கும் தனித்தனியா விலை போட்டு ஒரு யாவாரமே வளர்ந்திருச்சு. என் மருமகன் கோவம் இங்கேயிருந்துதான் வருது. அதுல நியாயம் இருக்கு.

ஆனா ஸ்டூடியோ பக்கத்துலயும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கேம் முடியுற நேரத்துல ஓவியர்களுக்கும் ஊரு வடிவமைக்கிறவங்களுக்கும் வேலை முதல்லயே தீர்ந்துடும், பிழை திருத்துற புரோகிராமர்கள்தான் கடைசி வரைக்கும் மல்லுக்கட்டிக்கிட்டிருப்பாங்க. அடுத்த பாகத்துக்கு அடித்தளம் போட இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இந்த ஓவியர்களை என்ன செய்யிறது? வீட்டுக்கு அனுப்பலாம், இல்ல இருக்கிற கருவியை வச்சே ஒரு சேர்மானம் செய்யச் சொல்லலாம். சேர்மானம் சின்னக் குழு, சின்ன நஷ்டம். அடுத்த பாகம்ங்கிறது வீட்டை இடிச்சுக் கட்டுற மாதிரி. சரியா வரலேன்னா தெருவுலதான் நிக்கணும்.

சரி, யாவாரக் கணக்கு கிடக்கட்டும். நான் மருமகன் கிட்ட சொன்ன வாதம் வேற. "டேய், இந்தப் பஞ்சாயத்தை நம்ம ஊர்ப்பக்கம் அறுநூறு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்கடா"ன்னேன். நம்ப மாட்டேன்னுட்டான்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை இறங்கினா கீழ விரியுற நாட்டுக்குப் பழைய பேரு திருமுனைப்பாடி. அப்பர் பொறந்த திருவாமூர், சுந்தரர் பொறந்த திருநாவலூர் எல்லாம் அதுலதான். வில்லிபுத்தூராரும் இந்த நாட்டுக்காரர்தான், சனியூர்னு ஊர் பேரு சொல்றாங்க. பேரைப் பார்த்துட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்னு நெனச்சவங்கள்ல நானும் ஒருத்தன், ஹிஹி. வக்கபாகையில இருந்த வரபதி ஆட்கொண்டான்ங்கிற சிற்றரசர் கேட்டுக்கிட்டதால, 1400ஐ ஒட்டின காலத்துல, அவர் பாரதத்தைத் தமிழ்ல பாடினார். இதையெல்லாம் சொல்றது யாருன்னா அவர் மகன் வரந்தருவார், பாயிரத்துல.

வியாசர் பாரதம் 18 பருவம். வில்லியார் 10 பருவத்தோட நிறுத்திட்டார். 4,351 பாட்டு. பதினெட்டாம் நாள் யுத்தம், அன்னிக்கு ராத்திரி அசுவத்தாமன் செஞ்ச படுகொலை, அவ்வளவுதான். அதுக்கப்புறம் வர்ற அழுகை, பீஷ்மர் அம்புப் படுக்கையில இருந்து சொல்ற தருமம், அசுவமேதம், யாதவர்கள் அடிச்சிக்கிட்டு சாவுறது, பாண்டவர்கள் இமயமலை ஏறுறது எல்லாம் இல்ல. போகிற போக்குல பல கிளைக்கதைகளையும் சுருக்கிட்டார். நூல் சக்கைப்போடு போட்டுச்சு. உடனே ஜனங்களுக்கு என்ன தோணும்? "இன்னும் வேணும்."

இங்கதான் பாருங்க, நம்ம ரெண்டு வழியும் அப்படியே வருது. அட்டாவதானம் அரங்கநாத கவிராயர்னு ஒருத்தர், வில்லி விட்ட இடத்துலருந்து மீதிப் பருவங்களைப் பாடினார். அது இரண்டாம் பாகம், சந்தேகமே இல்ல. 18ஆம் நூற்றாண்டுல நல்லாப்பிள்ளைன்னு ஒருத்தர் வந்தார். அவர் செஞ்சது வேற. வில்லியோட பாட்டை அப்படியே வச்சிக்கிட்டு, நடுவுல எங்கெங்க கதை சுருங்கியிருக்கோ அங்கங்க தன் பாட்டைப் பொருத்தினார், கடைசியில விட்டதையும் சேர்த்தார். மொத்தம் கிட்டத்தட்ட 14,000 பாட்டு. அதுல வில்லி பங்கு மூணுல ஒரு பங்குக்கும் கம்மி. இதைவிடப் பெரிய எக்ஸ்பான்ஷன் பேக்கை எந்த ஸ்டூடியோ விட்டிருக்கு சொல்லுங்க?

மருமகன் உடனே மடக்கினான். "அப்ப ரெண்டுல எது ஜெயிச்சுது மாமா?"

உள்ளதைச் சொல்லணும்னா, ரெண்டுமே பெருசா ஜெயிக்கலை. வில்லி பாரதம் இன்னிக்கும் புத்தகக் கடையில கிடைக்கும். நல்லாப்பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கணும். அரங்கநாதர் பேரு தமிழ் இலக்கிய வரலாறு படிக்கிறவங்களைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஜெயிச்சது வேற ஒண்ணு, நான் சொல்ல வந்ததே அதுதான். ஜெயிச்சது சின்னச் சின்ன இடைச்செருகல்கள்.

எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பார்த்தவங்களுக்குத் தெரியும். பகல்ல பாரதம் பிரசங்கம், ராத்திரியில கூத்து. அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர்னு நாளுக்கு ஒண்ணா போயி, துரியோதனனை மண்ணுல பிரம்மாண்டமா படுக்கவச்சு படுகளம், சாயங்காலம் தீமிதி, அப்புறம் தர்மர் பட்டாபிஷேகத்தோட பெரும்பாலும் முடிஞ்சிடும். இமயமலை ஏறுற கதையைக் கேக்க ராத்திரி முழிச்சு உக்காந்திருக்கிற ஆளை நான் பார்த்ததில்ல. யுத்தம் முடிஞ்சா கதை முடிஞ்சுது. ஆனா யுத்தத்துக்கு முன்னாடி எவ்வளவு வேணா சேருங்க, விடிய விடிய உக்காருவோம். அல்லி, பவளக்கொடி, புலந்திரன் களவு, ஏணியேற்றம்... இதுல ஒண்ணுகூட வியாசர்ல கிடையாது. அர்ச்சுனன்ங்கிற பாத்திரத்தை வச்சிக்கிட்டு நம்ம ஊர்ல உண்டாக்கின சேர்மானங்கள். புகழேந்திப் புலவர் பேரைப் போட்டு 'பெரிய எழுத்து' புத்தகமா சந்தையில வித்ததெல்லாம் இதுதான். தனித்தனிப் புத்தகம், தனித்தனி விலை. பாரதம் முழுசா வாங்கத் தேவையில்ல, அல்லி மட்டும் வேணும்னா அல்லி மட்டும். டிஎல்சிக்கு இலக்கணம் வேற என்னங்க?

இதுல உச்சம் அரவான். சமஸ்கிருத பாரதத்துல இராவான்னு அர்ச்சுனனோட மகன் ஒருத்தன், எட்டாம் நாள் போர்ல அலம்புசன்ங்கிற அரக்கன் கையால சாவான். சின்னப் பாத்திரம். தமிழ்ல பெருந்தேவனார், மூணாம் நந்திவர்மன் காலத்துல (9ஆம் நூற்றாண்டு) பாரத வெண்பா பாடினப்ப அந்தப் பையனைக் களப்பலியாக்கிட்டார். போருக்கு முன்னாடி தன்னையே பலி கொடுக்கிறான். வில்லியாரும் அதை எடுத்துக்கிட்டு ஒருசில பாட்டுல சொல்லிட்டுப் போறார். அதுக்கு மேல ஜனங்க சேர்த்தது: கல்யாணம் ஆகாம சாவ மாட்டேன்னு அரவான் வரம் கேட்டது, நாளைக்குச் சாவப்போறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு எல்லாரும் கையை விரிச்சது, கிருஷ்ணனே மோகினியா வந்து தாலி கட்டிக்கிட்டது, மறுநாள் தாலி அறுத்து அழுதது. வில்லியில இந்தக் கல்யாணம் கிடையாது. ஆனா இன்னிக்கு எங்க கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்துல சித்திரை மாசம் கூத்தாண்டவர் கோயில்ல 18 நாள் திருவிழா. நாடு முழுக்க இருந்து திருநங்கைகள் வந்து அரவானுக்காகத் தாலி கட்டிக்கிட்டு, மறுநாள் அறுத்து, வெள்ளைச் சேலை கட்டி ஒப்பாரி வைக்கிறாங்க. மூலத்துல இவங்களுக்குன்னு இப்படி ஒரு இடம் இல்ல. இடைச்செருகல்ல கிடைச்சுது. அதை எவனாவது "இது ஒரிஜினல்ல இல்லையே"ன்னு தள்ளிட முடியுமா?

இதை மனசுல வச்சிக்கிட்டு மறுபடி ராஜேந்திரன்கிட்ட வருவோம்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்துல 1999ல மொத்தம் 13 நாகரிகம். பிரிட்டிஷ்காரன், ஜப்பான்காரன், பாரசீகன் எல்லாம் உண்டு, இந்தியாவுல இருந்து ஒருத்தர் கிடையாது. 'கான்கரர்ஸ்'லயும் இல்ல. 2005ல மூணாம் பாகம் வந்துச்சு, அதுல நாம இல்ல. 2007ல அதுக்கு வந்த சேர்மானத்துலதான் இந்தியர்கள் வந்தாங்க. இந்தக் கேமைச் செஞ்ச என்செம்பிள் ஸ்டூடியோவை 2009ல மூடிட்டாங்க. கதை அத்தோட முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நெனச்சோம்.

முடியலை. ஏன்னா இரண்டாம் பாகத்தோட ரசிகர்கள் சில பேர் தாங்களாவே அதுக்கு ஒரு இடைச்செருகல் தயார் பண்ணி 2012 கடைசியில இலவசமா விட்டாங்க. பேரு 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்', மறந்துபோன பேரரசுகள். யாரும் கேக்கலை, யாரும் காசு குடுக்கலை. ஏட்டுல எழுதுறவன் நடுவுல நாலு பாட்டு சொந்தமா சேர்த்த மாதிரி. வெள்ளியம்பலத் தம்பிரான் கம்பராமாயணத்துல தன் பாட்டைப் புகுத்திட்டார்னு ஒரு குற்றச்சாட்டு உண்டு, அதுக்கு 'வெள்ளிப் பாடல்'னே பேரு. அந்த ரகம். ஆனா இங்க மைக்ரோசாஃப்ட் என்ன செஞ்சாங்கன்னா, அந்த வெள்ளிக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, 2013ல அதையே அதிகாரபூர்வமா வெளியிட்டாங்க. அதுலதான் இரண்டாம் பாகத்துக்குள்ள முதல்முறையா 'இந்தியர்கள்' வந்தாங்க.

வந்தாங்களே தவிர, அதுல நம்மைத் தேடிப்பிடிக்க முடியாது. ஒட்டகப் படைதான் பெருமை. காஞ்சிபுரத்துக்கும் ஒட்டகத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? இமயத்துலருந்து குமரி வரைக்கும் ஒரே மூட்டை.

2019ல 'டெஃபனிடிவ் எடிஷன்'னு மொத்தத்தையும் புதுப்பிச்சாங்க. அப்ப நாகரிகம் 35 ஆயிருச்சு. அப்புறம் 2022 ஏப்ரல் 28, 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'. அந்த ஒரே மூட்டையைப் பிரிச்சாங்க. இந்துஸ்தானிகள், கூர்ஜரர், வங்காளிகள், திராவிடர்னு நாலு. திராவிடருக்கு ராஜேந்திர சோழன் கதை, அஞ்சு கட்டம். சுருள்வாள் வீசுற வீரர்கள் உண்டு, 'திரிசடை'ன்னு ஒரு போர்க்கப்பல் உண்டு, உருக்கு எஃகுக்கு ஒரு தனித் தொழில்நுட்பம் உண்டு. கனமான குதிரைப்படை கிடையாது. அதுவும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க. பாண்டிய நாட்டுக்கு அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலா வந்து இறங்கினதையும், பராமரிக்கத் தெரியாம அதுங்க செத்துப்போனதையும் மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார். குறை சொல்லணும்னா, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாத்தையும் ஒரே 'திராவிடர்' பேர்ல கட்டிட்டாங்க. பெரிய மூட்டையைப் பிரிச்சு நாலு சின்ன மூட்டை. இருந்தாலும் 1025ல கடாரத்துக்குப் போன கப்பல்ல ஏறி நிக்கிற வாய்ப்பு ஒரு பத்து டாலர் சேர்மானத்துல கிடைச்சுதே!

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இதுக்கு ஆறு மாசம் முன்னாடி, 2021 அக்டோபர்ல, நாலாம் பாகம் வந்துச்சு. புது எஞ்சின், புதுப் படம், எல்லாம் புதுசு. நாகரிகம் எத்தனை? எட்டு. இந்தியாவுக்கு டெல்லி சுல்தானகம் ஒண்ணு. சோழனும் இல்ல, பாண்டியனும் இல்ல.

இது அவங்க குத்தம் இல்ல, அடுத்த பாகத்தோட இயல்பே அதுதான். எல்லாத்தையும் மறுபடி அடியிலருந்து வரையணும், அதனால எண்ணிக்கை சுருங்கும். சுருங்கும்போது யாரை வச்சிப்பாங்க? உலகம் பூரா தெரிஞ்ச ஆளை. இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன், சீனாக்காரன், மங்கோலியன். ஓரத்துல இருக்கிறவனுக்கு முதல் பந்தியில இலை போட மாட்டாங்க. ஒவ்வொரு புது பாகத்துலயும் பந்தி முதல்லருந்து ஆரம்பிக்கும், நாம மறுபடி வரிசையோட கடைசியில. பழைய கேமுக்கே சேர்த்துக்கிட்டே போனாத்தான் இருபது வருஷம் கழிச்சாவது நம்ம முறை வருது. "மாப்ளே, உனக்கு ராஜேந்திரன் கிடைச்சது நீ திட்டுற டிஎல்சியிலதான்"னேன். பையன் கொஞ்ச நேரம் பேசலை.

ஆனா அவன் பக்கமும் ஒரு பலமான கேள்வி இருந்துச்சு. "அப்ப எதுக்குமே அடுத்த பாகம் வேணாமா? கடைசி வரைக்கும் ஒரே கேமை ஒட்டுப் போட்டே ஓட்டலாமா?"

ஓட்ட முடியாது. அதுக்கும் அதே கேம்லயே சாட்சி இருக்கு. 2025 மே மாசம் 'த்ரீ கிங்டம்ஸ்'னு ஒரு சேர்மானம். சீனாவோட மூணு அரசுகளை, கி.பி. மூணாம் நூற்றாண்டு ஆளுங்களை, இடைக்காலப் படைகளுக்கு நடுவுல கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. ரசிகர்கள் கொதிச்சுப் போயிட்டாங்க, ஏன்னா கேமோட காலச் சட்டகமே உடையுது. இடைச்செருகலுக்கு ஒரு எல்லை இருக்குன்னு காட்டின இடம் அது. மூலத்தோட சட்டகத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் சேர்க்கலாம், அதைத் தாண்டினா துருத்திக்கிட்டு நிக்கும். ரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்துல இது கம்பன் பாட்டு, இது இல்லைன்னு வெட்டித் தள்ளினார். அவர் வெட்டினதுல பாதிக்கு எனக்கு உடன்பாடில்ல. ஆனா அவருக்கு வந்த எரிச்சல் புரியுது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பு செஞ்சது இன்னும் நாகரிகம். சந்தேகமானதை 'மிகைப் பாடல்கள்'னு தனியா பிரிச்சு வச்சாங்க. வேணும்கிறவன் படிச்சிக்கலாம், எது எதுன்னு தெரிஞ்சா போதும்.

அடுத்த பாகம் எப்ப நியாயம்னா, சொல்ல வந்த விஷயமே மாறும்போது. நம்மகிட்ட அதுக்கு மணிமேகலையைவிடச் சிறந்த உதாரணம் வேணுமா? சிலப்பதிகாரம் 30 காதை, மணிமேகலையும் 30 காதை. சாத்தனார் நெனச்சிருந்தா சிலம்புக்கு உள்ளேயே மாதவி மகளுக்கு ரெண்டு காதை சேர்த்திருக்கலாம். சேர்க்கலை. ஏன்னா கண்ணகி கேட்டது நீதி, மணிமேகலை தேடினது துறவு. பசிக்குச் சோறு போடுற அமுதசுரபியை வச்சிக்கிட்டு மதுரையை எரிக்கிற கதைக்குள்ள நுழைய முடியாது. அது வேற கேம். அதே நேரத்துல உத்தரகாண்டத்தைப் பாருங்க. கம்பர் பட்டாபிஷேகத்தோட முடிச்சதுக்கு அப்புறம் தொடர்ச்சி பாடினாங்க. ஒட்டக்கூத்தர் பாடினதுன்னும் சொல்றாங்க, வாணியன் தாதன்னும் சொல்றாங்க. ராமனும் சீதையும் பிரியுற கதையை நம்ம ஜனங்க பெருசா தலையில வச்சுக் கொண்டாடலை. அதே ஆளு, அதே ஊரு, 'அப்புறம் என்ன ஆச்சு' மட்டும்தான் புதுசு. அந்த மாதிரி இரண்டாம் பாகம் சினிமாவுல வருஷத்துக்கு எத்தனை பார்க்குறோம்!

இன்னிக்கு ஸ்டூடியோக்களுக்கும் இந்த வித்தியாசம் தெரிஞ்சுதான் இருக்கு. நின்டென்டோவுல 'செல்டா' தொடரைப் பார்த்துக்கிற எய்ஜி அவோனுமா, 2017ல வந்த கேமுக்குச் சேர்மானமா யோசிச்ச யோசனைகள் அளவு மீறிப் போனதாலதான் அதை அடுத்த பாகமா ஆக்கினோம்னு சொன்னார். அது 2023ல வந்துச்சு. 'ஹாலோ நைட்'டுக்கு ஹார்னெட்டுங்கிற பாத்திரத்தை வச்சு ஒரு சேர்மானம் தர்றோம்னு ஆஸ்திரேலியாவுல மூணு நாலு பேர் வேலை செய்யுற ஒரு குட்டி ஸ்டூடியோ வாக்கு குடுத்துச்சு. செய்யச் செய்ய வளர்ந்து, 2019 பிப்ரவரியில "இது தனி கேம்"னு அறிவிச்சாங்க. வெளிவந்தது 2025 செப்டம்பர்ல! இடைச்செருகலா ஆரம்பிச்சு, சட்டகத்துக்குள்ள அடங்காம வெளிய வந்த பாகங்கள் இவை. போஸ்டர் அடிச்சிட்டு அப்புறம் கதை யோசிச்ச பாகங்கள் இல்ல.

சீக்வலோட இன்னொரு கெட்ட குணத்தையும் சொல்லிடுறேன். 2022 அக்டோபர்ல 'ஓவர்வாட்ச்' இரண்டாம் பாகம் வந்தப்ப முதல் பாகத்தோட சர்வரையே அணைச்சிட்டாங்க. காசு குடுத்து வாங்கினவன் கேமே காணாமப் போச்சு. நல்லாப்பிள்ளை 14,000 பாட்டு பாடினார், ஆனா எவன் வீட்டு வில்லி பாரத ஏட்டையும் பிடுங்கிட்டுப் போகலை.

அதனால என் கட்சி இதுதான். மூலம் உயிரோட இருக்கிற வரைக்கும், அதுல இடம் இல்லாதவங்க வரிசையில நிக்கிற வரைக்கும், ஸ்டூடியோ முதல்ல சேர்மானத்தைத்தான் செய்யணும். குதிரைச் சட்டை இல்ல, அரவான் மாதிரி சேர்மானம். சேர்த்ததைச் சேர்த்ததுன்னு சொல்லி விக்கணும். இந்த விஷயத்துல 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'காரங்க ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காங்க. நீங்க திராவிடரை வாங்கலேன்னாலும், வாங்கினவன் கூடத் தாராளமா மோதலாம். ஊரு ரெண்டுபடாது.

இதெல்லாம் கேட்டுட்டு மருமகன் கடைசியா ஒரு குண்டு போட்டான். "மாமா, பேர்லயே டவுன்லோடுன்னு இருக்கு. எங்கே பண்றது?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கரியாலூர்ல எங்க வீட்டுத் திண்ணையில ஒரு கோடு சிக்னல் வந்தா ஜாஸ்தி, மழை பேஞ்சா அதுவும் போயிடும். சிடி காலத்துல கீழ இறங்கி ஒரு தட்டை வாங்கிட்டு வந்தா வேலை முடிஞ்சுது. இரண்டாம் பாகமோ எக்ஸ்பான்ஷனோ, ரெண்டும் ஒரே பஸ்ஸுல மலை ஏறும். இப்ப வாங்கிறதுக்கு வீட்டைவிட்டு நகர வேணாம்கிறாங்க, நாங்க மட்டும் இன்னும் நகர்ந்துக்கிட்டுத்தான் இருக்கோம். ராஜேந்திரனை அவன் எப்படி இறக்கினான்னு விசாரிச்சேன். கள்ளக்குறிச்சியில கூட்டாளி ரூம்ல ராத்திரி பூரா டவுன்லோடு போட்டு வச்சிட்டுத் தூங்கி, காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு மலை ஏறியிருக்கான்.